விபூதி போட்டுத் துலக்கிய டாலர்

அந்தக் காசில் ஒரு பெண் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருப்பாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கதிர்க்கட்டு. ஒரு கை முன்னால் நீண்டிருக்கும். கையில் ஏதோ ஒரு கொத்து. காலடியில் அலை. அவள் யாரென்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. களத்தில் போரடித்து முடித்து, மூட்டை கட்டி, வண்டி வரும்வரை மூட்டை மேலேயே சாய்ந்து இளைப்பாறுகிற பொம்பளை அப்படித்தான் இருப்பாள். கை நீட்டுவது பக்கத்தில் இருப்பவளிடம் வெற்றிலை கேட்டு. அது கோதுமைக் கட்டு, அவள் அமெரிக்கச் சீமையின் சுதந்திர தேவி என்று நான் தெரிந்துகொண்டபோது என் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பொம்பளைக் காசு என்றே பெயர்.

அண்ணனுக்குக் காரியம் முடிந்து, பந்தல்காரன் கீற்றுகளை அவிழ்த்துக்கொண்டிருந்த மத்தியானம், அண்ணி அதை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள். அண்ணனின் டிரங்குப் பெட்டியில், கறுப்புச் சிவப்புக் கரை போட்ட பழைய வேட்டிகளுக்கு அடியில் கிடந்ததாம்.

"இதை எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. இந்த வீட்டுல இது இருக்க வேணாம்."

"விக்கணுமா அண்ணி?"

"வித்தா வித்துக்குங்க. ஆத்துல போட்டாலும் சரி. ஆனா அதுக்கு முன்னாடி வெவரம் தெரிஞ்ச ஆளுகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லணும்."

"என்ன?"

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பந்தல்காரன் காதில் விழாத குரலில் சொன்னாள்: "நான் துலக்காம இருந்திருந்தா, அன்னிக்கு அந்தத் தாசில்தாரு நம்பியிருப்பாரா? மனை நமக்குக் கிடைச்சிருக்குமா? அது மட்டும் தெரியணும்."

அவள் இதை அண்ணன் இருந்தவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்பதற்கு என்ன இருந்தது? பதில் வீட்டிலேயே, தினமும், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

கீழ்வேளூருக்குத் தெற்கே, வாய்க்கால் திரும்புகிற முனையில் எங்கள் குடிசை. தெருவின் கடைசி. அதற்கு அப்பால் பண்ணையின் வயல் தொடங்கிவிடும். பண்ணையின் வயல் எங்கே முடியும் என்று எனக்குத் தெரியாது, நடந்து பார்த்ததில்லை. குடிசை நின்ற மண்ணும் பண்ணையினுடையதே. எங்கள் அப்பாவும் அவர் அப்பாவும் அங்கேதான் பிறந்தார்கள், அங்கேதான் செத்தார்கள், ஆனால் அங்கே இருந்ததாக எந்தக் காகிதமும் சொல்லவில்லை. கர்ணம் எழுதிய அடங்கல் கணக்கில் அந்த இடத்துக்குத் தோப்பு என்று பெயர். தோப்பாம். இரண்டு தென்னை, ஒரு பூவரசு, நாங்கள்.

ஆட்சி மாறியிருந்த காலம் அது. ஒலிபெருக்கியில் அடுக்குத் தமிழ் பொழிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கறுப்புச் சிவப்பு, ஒரு பக்கம் முழுச் சிவப்பு, வரப்புக்கு வரப்பு கொடி. கூலி நெல்லில் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடு என்று கேட்டதற்காகக் கதிர் முற்றி உதிரும்வரை அறுவடை நின்றது. வெளியூர் ஆட்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். போலீஸ் வேன் வாய்க்கால் கரையில் நின்று சோறு பொங்கியது. தெருவே எரிந்த ஊர்களும் உண்டு. பேர் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். அந்தச் சூட்டுக்குப் பிறகுதான் சட்டம் வந்தது: குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம். டீக்கடையில் ஒருவர் பத்திரிகையைப் படிக்க, ஊரே கேட்டது. அன்று அண்ணன் இரண்டு டீ வாங்கிக் குடித்தான். ஒரே ஆள், அடுத்தடுத்து இரண்டு டீ. அவன் சந்தோஷத்தை நான் அளந்த அளவு அது.

தெருவில் மற்றவர்களுக்கு விசாரணை வந்தது, போனது, பட்டா கிடைத்தது. எங்களுக்கு மட்டும் சிக்கல். அதற்கு முந்தின புயலில் எங்கள் மண்சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டது. புதிதாகச் சுவர் வைத்து, புதுக்கீற்று வேய்ந்திருந்தோம். பழசு என்று மிஞ்சியது பனைமரத்து வாசக்கால் ஒன்றுதான். புயலடித்த ராத்திரியிலும் அது தன் இடத்தில் நின்றது, வீடு இல்லாத வாசலாக. பண்ணைக்கு அந்த முனையில் மோட்டார் கொட்டகை போட ஆசை. அதனால் பண்ணையின் ஏஜெண்டு எங்கள் மனுவுக்கு எதிர்மனு போட்டார். சட்டம் வருகிறது என்று தெரிந்து அவசரமாகப் போட்ட குடிசை, மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை, வந்து பாருங்கள் என்று. தெருவே சாட்சி சொல்லத் தயாராக இருந்தது. "அவனுக்கு இவன் சாட்சி, இவனுக்கு அவன் சாட்சி, எல்லாம் ஒரு கொடி" என்றார் ஏஜெண்டு. அது எடுபட்டது.

அப்போதுதான் அண்ணனுக்குக் காசு ஞாபகம் வந்தது.

வாசக்கால் நிறுத்தும்போது அடியில் நவதானியமும் ஒரு காசும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தாத்தா வாலிபத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போய்க் கூலி வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் கொண்டுவந்ததில் காய்ச்சலைத் தவிர மிஞ்சியது ஒரு பெரிய வெள்ளிக்காசு, அதைத்தான் வாசக்காலுக்குக் கீழே போட்டார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறோம். நான் அப்போது காலேஜ் முதல் வருஷம் முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். விசாரணைக்கு முந்தின நாள். அண்ணன் கடப்பாரையை எடுத்தான். நானும் கூடப் பிடித்தேன். மண் இறுகிப் பாறையாகியிருந்தது. ஒரு முழம் இறங்கியதும் சத்தம் கேட்டது.

கருகின வடை மாதிரி வந்தது. எழுத்தும் தெரியவில்லை, உருவமும் தெரியவில்லை. அண்ணன் வேட்டியில் துடைத்துப் பார்த்தான். வேட்டிக்குக் கறுப்பு வந்ததே தவிர, காசை விட்டுப் போகவில்லை.

"இங்க குடுங்க" என்றாள் அண்ணி.

அந்தத் தையில்தான் குடவாசல் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்திருந்தாள். அவளும் அவள் அம்மாவும் அந்த ஊர்ப் பண்ணை வீட்டில் பாத்திரம் துலக்கியவர்கள். சீர் என்று அவள் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் அந்தக் கையும். வாய்க்கால் படியில் உட்கார்ந்தாள். முதலில் புளி. பிறகு அடுப்புச் சாம்பலும் செங்கல் பொடியும், தேங்காய் நாரால். கறுப்பு தண்ணீரில் ஒழுகிப்போவதைப் பார்க்க ஆட்கள் கூடினார்கள்.

"ஏ புள்ள, அது காசு. குத்துவிளக்கு இல்ல" என்றான் அண்ணன்.

"கறுப்பாக் கொண்டுபோய் ஆபீசர் கையில குடுப்பீங்களோ? தூக்கி வீசிருவாரு. எங்கூருப் பண்ணையம்மா டம்ளர் விளிம்புல கறை பார்த்துச்சுன்னா தண்ணிய நம்ம தலையிலதான் ஊத்தும். தெரியுமில்ல?"

"ஒனக்குத் தலை குளிக்கிற செலவு மிச்சமாச்சு" என்று அண்ணன் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணி ஈரக்கையால் அவன் மேல் தண்ணீர் தெறித்தாள். அவர்கள் இருவரும் மற்றவர் முன்னால் விளையாடி நான் பார்த்தது அன்றுதான். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

கடைசியாக விபூதி. வெள்ளிக்கு விபூதிதான் போடவேண்டும் என்பது அண்ணி அங்கே படித்த பாடம். பழைய வேட்டித் துண்டில் விபூதியைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். மூட்டை மேல் உட்கார்ந்தவள் வெளியே வந்தாள். கதிர்க்கட்டு வந்தது. அவள் காலடியில் 1877 வந்தது. எண் எல்லோருக்கும் தெரியும். பஸ் நம்பர் படித்தே பழக்கம்.

அண்ணன் கூவினான்: "ஆயிரத்தெண்ணூத்தி எழுபத்தேழு! பண்ணையோட அப்பனே அப்ப பொறந்திருக்க மாட்டான். நாம அதுக்கு முன்னாடியே இங்க குடியிருக்கோம்டா!"

"அப்ப பண்ணைதான் நமக்குக் குத்தகை அளக்கணும்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. வாய்க்கால் கரை முழுக்கச் சிரிப்பு. காசு கை மாறி மாறிப் போயிற்று. குழந்தைகள் கன்னத்தில் ஒற்றிக்கொண்டன. அது முளைப்பாரி மாதிரி, சாமி மாதிரி, தெருவுக்கு ஒரு நல்ல செய்தி மாதிரி மினுங்கியது.

தாலுகா ஆபீஸில் தாசில்தார் களைத்த மனிதர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மேஜை விளிம்பு மறையும்வரை மனுக்கள். அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் காசை நீட்டினான். அவர் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். எதிர்ச்சுவரில் ஒரு வெளிச்சப் பொட்டு ஓடியது. பியூன் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்கேப்பா எடுத்தே?"

"வாசக்காலுக்கு அடியிலீங்கய்யா. எங்க தாத்தா போட்டது."

"மண்ணுக்குள்ள கிடந்த காசா இது? கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கே."

ஏஜெண்டு எட்டிப் பார்த்தார். "நாகூர்க் கடைத்தெருவுல இதைவிடப் பெரிசாவே விக்கிறான் சார். கொஞ்சம் பேரம் பேசினா சங்கிலியும் சேர்த்துக் குடுப்பான்."

"இல்லீங்கய்யா. கறுப்பாத்தான் இருந்துச்சு. எம் பொண்டாட்டி துலக்கிக் குடுத்தா."

"பொண்டாட்டி துலக்கினாளாம்! அப்படியே பட்டாவையும் துலக்கித் தரச் சொல்லுடா, எழுத்து ஏதாவது தெரியுதான்னு பாப்போம்" என்றார் ஏஜெண்டு.

அறை முழுக்கச் சிரித்தது. தாசில்தாரும் சிரித்தார்; பிறகு சிரித்ததற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டவர் போல, காசைத் திரும்பக் கொடுக்கும்போது தணிந்த குரலில் சொன்னார்: "துலக்காம கொண்டாந்திருந்தா யோசிச்சிருப்பேன்பா."

அவர் அதை மனதாரச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா? அடுத்த மனுவைக் கையில் எடுத்தபோதே அவருக்கு மறந்திருக்கும். எங்களுக்கு அது தீர்ப்பு. மனு தள்ளுபடி என்று பிறகு வந்த காகிதத்தை யாரும் இரண்டாம் முறை படிக்கவில்லை. அந்த ஒற்றை வாக்கியத்தை அண்ணன் சாகும்வரை படித்துக்கொண்டிருந்தான்.

சுவரை இடித்தார்கள். வாசக்காலை நானும் அண்ணனும் தோளில் தூக்கிக்கொண்டு, ஆற்றங்கரைப் புறம்போக்குக்கு நடந்தோம். ஒரு வாசல் தன் வீட்டைத் தேடிக்கொண்டு போவது போல இருந்தது. பின்னால் அண்ணி, தலையில் அடுக்குப் பானை. வாய்க்கால் முனையில் மோட்டார் கொட்டகை எழும்பியது. இரவெல்லாம் அதன் சத்தம் புறம்போக்கு வரைக்கும் கேட்கும்.

அண்ணன் கை ஓங்குகிறவன் இல்லை. குடிக்கவும் மாட்டான். பிரசவ வலி வந்தபோது அண்ணியைக் கட்டை வண்டியில் போட்டு, மாடு கிடைக்காமல், தானே நுகத்தடியைப் பிடித்து ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்தவன். ஆனால் குழம்பில் உப்புக் கூடினால், ஆற்றில் வெள்ளம் வந்து அடுப்பு நனைந்தால், பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழுக்கு விலாசம் கேட்டு ஆபீஸில் திருப்பி அனுப்பினால், அந்த வாக்கியம் வேறு வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வரும். "காசைத் துலக்குனா, மனையைத் தொலைச்சா." கோபமாகச் சொன்னது போகப்போக வேடிக்கையாயிற்று. வேடிக்கையாக ஆனபிறகு அதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. பிள்ளைகள் அதைப் பாட்டாகப் பாடினார்கள். அண்ணியும் சிரிப்பாள். சொந்தக்காரர்கள் வந்தால் அவளே ஆரம்பிப்பாள்: "நான்தானே தொலைச்சேன்!" அவள் வீட்டுப் பாத்திரங்களின் அடியில் கரி மட்டும் அப்படியே இருக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கைக்கா துலக்கத் தெரியாது?

எனக்கு வேலை கிடைத்தது; ராத்திரிகளில் கதையும் எழுதினேன். மாற்றலுக்கு மேல் மாற்றல். சேலம், வேலூர், மறுபடி சேலம், தஞ்சாவூர். சுவரில் ஒரு ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கிற வாழ்க்கை. சொந்தமாக மனை வாங்கப் பணம் சேர்ந்த காலத்திலும் வாங்கவில்லை. பத்திர ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். காரணம் கேட்டால் கவிதை மாதிரி ஏதாவது சொல்வேன். மனைவி நம்பமாட்டாள்.

தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி என்று சுவரொட்டி பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் துணி முடிச்சோடு போனேன். சோழக்காசு, டச்சுக்காசு, தரங்கம்பாடிக் காசு. மாப்பிள்ளை உட்காருகிற மேடையில் வெளிநாட்டுக் காசு விற்கும் ஒருவர் கடை விரித்திருந்தார். பருத்த மனிதர், நெற்றி நிறைய விபூதி, ஒரு கையில் லென்ஸ், மறு கையில் பாதி போண்டா. நான் முடிச்சை அவிழ்த்தேன். போண்டாவைக் கீழே வைத்தார்.

"யாரு சார் இதைத் தேய்ச்சது?"

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"வீட்டுல."

"புளியா, சாம்பலா?"

"ரெண்டும். கடைசியா விபூதி."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கையெல்லாம் விபூதி. "எனக்குப் பூசினா புண்ணியம் சார். இதுக்குப் பூசினா பாவம். பாருங்க, கோடு கோடா. காசோட தோலு போச்சு. காசு சேர்க்கிறவன் மொதல்ல தோலைத்தான் பாப்பான். நூறு வருஷத்துக் கறுப்பு அழுக்கு இல்ல சார், அதுதான் அதோட சொத்து."

அண்ணியிடம் போய் என்ன சொல்வேன்?

அவர் காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் தட்டினார். நீண்ட, மெல்லிய சத்தம். கல்யாண மண்டபத்தின் விசிறிச் சத்தத்துக்குள் போய்க் கரைந்தது. சின்னத் தராசில் வைத்தார். "அசல்தான். இந்த டாலர்ல கள்ளக்காசு ஜாஸ்தி. இது அசல்."

பிறகு அவர் சொன்னதை நான் பல வருஷமாக எனக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வெள்ளி கொட்டிய காலம். அந்த வெள்ளியை என்ன செய்வதென்று தெரியாமல், சீனத்தோடு வியாபாரம் பண்ணுவதற்கென்றே ஒரு காசு அடித்தார்கள். எடை எவ்வளவு, மாற்று எவ்வளவு என்று காசின் முதுகிலேயே எழுதினார்கள், அன்னியன் நம்புவதற்காக. தன் ஜனங்களுக்காக அடிக்காத காசு. கொஞ்ச காலத்திலேயே உள்ளூரில் இது செல்லாது என்று அவர்களே சட்டம் போட்டார்கள். பெற்ற மண்ணிலேயே செல்லாத காசு கடல் தாண்டிச் செல்லும் காசாக அலைந்தது. ஹாங்காங், சிங்கப்பூர், பினாங்கு. போகிற இடமெல்லாம் சீன வியாபாரிகள் வெள்ளி நல்லதுதானா என்று சோதித்து, நல்லது என்பதற்குத் தங்கள் முத்திரையை அதன் மேல் குத்தினார்கள்.

"இதோ, முழங்காலுக்குப் பக்கத்துல ஒரு குத்து. தெரியுதா?"

தெரிந்தது. ஒரு சின்னச் சதுரம், உள்ளே கீறல்கள். கடப்பாரை பட்ட வடு என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தான். அது ஒரு எழுத்து.

"பின்னாடி அமெரிக்காக்காரன் இந்தக் காசையெல்லாம் திரும்ப எடுத்துக்கிட்டான். ஆனா குத்து விழுந்ததை வாங்க மாட்டேன்னுட்டான். ஊரு ஊரா நம்பினதுக்கு அடையாளம், பெத்தவனுக்கு அது ஊனம். சேர்க்கிறவங்களும் ரொம்ப நாள் இதை ஒதுக்கித்தான் வச்சாங்க. இப்போ இந்தக் குத்துக்காகவே தேடி வாங்குறவங்க வந்தாச்சு. துலக்காம மட்டும் இருந்திருந்தா, நானே இந்நேரம் உங்களுக்கு போண்டா வாங்கிக் குடுத்துக்கிட்டு இருப்பேன். இப்ப வெள்ளி விலைக்கு மேல ஏதோ கொஞ்சம். குடுக்குறீங்களா?"

"விக்க வரலை. ஒண்ணு கேக்க வந்தேன்." கதையைச் சொன்னேன். வாசக்கால், சட்டம், தாசில்தார். யார் பேரும் சொல்லாமல். கடைசியில் அண்ணியின் கேள்வி.

அவர் சிரிக்கவில்லை. லென்ஸை மடக்கினார். "கறுப்பாவே கொண்டுபோயிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது சார். அவிச்ச முட்டையை ஒடச்சு ஒரு டப்பாவுல இதோட போட்டு மூடுங்க, காலையில அமாவாசையா இருக்கும். கறுப்பை வச்சு வயசு சொல்றவன் ஒண்ணு ஏமாத்துறவன், இல்ல ஏமாறுறவன். வருஷமும் அப்படித்தான். காசு பொறந்த வருஷத்தைச் சொல்லும்; உங்க வீட்டுக்கு வந்த வருஷத்தைச் சொல்லாது. உங்க ஏஜெண்டுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? கறுப்பா இருந்தா வேறொண்ணு சொல்லியிருப்பான்."

"அப்ப எப்படித்தான் நிரூபிச்சிருக்கணும்?"

"தோண்டியே இருக்கக்கூடாது. ஆபீசரைக் கூட்டியாந்து, வாசக்கால் நிக்க, அவர் கண்ணு முன்னாடி தோண்டச் சொல்லியிருக்கணும். மேல இறுகின மண்ணு, நடுவுல மக்கின தானியம், அடியில காசு. அப்ப அதுதான் சாட்சி. இடத்தை விட்டு எடுத்துட்டா காசு வாயை மூடிக்கும் சார்."

போண்டா ஆறிப்போயிருந்தது. நான் காசை முடிந்துகொண்டு வெளியே வந்தேன். பெரிய கோயில் கோபுரத்தின் மேல் கிளிகள் கத்திக்கொண்டிருந்தன. எனக்கு ஓடவேண்டும் போல இருந்தது. அண்ணி தொலைக்கவில்லை! அடுத்த பஸ்ஸிலேயே ஏறினேன். திருவாரூர் தாண்டும்போதுதான் மெதுவாக உறைத்தது, நான் கொண்டுபோவதில் பாதியைத்தான் சொல்ல முடியும் என்று.

அண்ணி நடவு முடிந்து வந்து, ஆற்றுப் படியில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் கேள்வியாகிவிட்டது.

"கேட்டீங்களா?"

"கேட்டேன் அண்ணி. நீங்க துலக்கினதால போகலை. கறுப்பாக் குடுத்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாங்களாம். காசு பத்தி எல்லாம் தெரிஞ்ச ஆளு சொன்னாரு."

அவள் கால் கழுவுவதை நிறுத்தினாள். தண்ணீர் அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு போயிற்று. முகத்தில் ஏதோ அவிழ்ந்தது; ஒரு நொடி, வாய்க்கால் படியில் தண்ணீர் தெறித்த அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். அது போதும், இத்தோடு எழுந்து போய்விடு என்று எனக்குள் யாரோ சொன்னார்கள்.

"நெசமாவா தம்பி?"

"நெசமா."

"அப்ப எதனால போச்சு?"

நான் ஆற்றைப் பார்த்தேன்.

"சொல்லுங்க. எதனாலயாவதுதானே போயிருக்கும்."

"பண்ணைக்கு அந்த இடம் வேணும்னு இருந்துச்சு. அதனால."

"அது எனக்கும் தெரியும். அந்த ஆளு வேற ஒண்ணும் சொல்லலையா? சொல்லியிருப்பாரு. உங்க மொகத்துல இருக்கே."

அண்ணியிடம் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. "நாமளா தோண்டியிருக்கக் கூடாதாம். ஆபீசரை வரவச்சு, அவரு முன்னாடி தோண்டியிருக்கணுமாம்."

அவள் படியில் உட்கார்ந்தாள். அக்கரையில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தோண்டினது அவங்க" என்றாள்.

"நானும்தான் கடப்பாரை பிடிச்சேன்."

"நீங்க காலேஜ் புள்ள. அவங்க சொன்னதைச் செஞ்சீங்க." கொஞ்சம் கழித்து: "அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ தம்பி?"

"என்னது?"

"தான் தோண்டினதுதான் தப்புன்னு. தெரிஞ்சுக்கிட்டேதான் என்மேல போட்டாங்களோ?"

"சேச்சே. அண்ணனுக்கு எப்படித் தெரியும்?"

"வாய்க்கால்ல யாரு எப்ப மடை தொறந்தாங்கன்னு மண்ணைப் பாத்துச் சொல்றவங்க அவங்க. தோண்டின மண்ணு பேசாதுன்னு அவங்களுக்கா தெரியாது?" அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "நான் பண்ணின தப்புக்கு ஏசுறாங்கன்னு இத்தனை காலம் இருந்தேன். அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. சோறு இறங்குச்சு. இப்ப நீங்க வந்து, என் தப்பு இல்லைங்கிறீங்க. அப்ப அவங்க ஏசினது எல்லாம் என்ன கணக்கு? செத்தவங்களை எழுப்பியா கேக்கமுடியும்?"

நான் காசை நீட்டினேன். அவள் தொடவில்லை. இன்றும் அது என்னிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றலிலும் என் புத்தகப் பெட்டிகளோடு லாரி ஏறுகிறது. விற்கவும் இல்லை, ஆற்றில் போடவும் இல்லை.

புறப்படும்போது அண்ணி பஸ் நிறுத்தம்வரை வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்ததும் சொன்னாள்: "புள்ளைங்ககிட்ட இதைச் சொல்லாதீங்க. அவங்க அப்பா சொன்னது அப்படியே இருக்கட்டும்."

ஒரு குற்றத்தைத் தூக்கிக்கொண்டு அவள் அத்தனை வருஷம் நடந்திருந்தாள். தோள் அதற்குப் பழகியிருந்தது. நான் அதை இறக்கிவைக்கப் போய், சந்தேகம் ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அது எந்தத் தோளிலும் உட்காராது. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் என்ன? கண்காட்சி முடிந்துவிட்டது, ஆள் இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன? கதை எழுதுகிறவனுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய் கிடைக்கவில்லை.

அடுத்த ஆவணியில் அண்ணன் மகளுக்குத் திருத்துறைப்பூண்டியில் கல்யாணம். பந்தியில் சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சொந்த ஊர் எது, வீடு எங்கே என்று பேச்சு வந்தது. அண்ணன் மகன் சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தான். அவன் அப்பாவின் குரலிலேயே, அப்பா நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, "காசைத் துலக்குனா, மனையைத் தொலைச்சா" என்று முடித்தான். சம்பந்தி வீட்டார் இலையில் கை வைத்தபடி சிரித்தார்கள்.

"நெசமாவா சம்பந்தியம்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

அண்ணி பந்திக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். வழக்கமான சிரிப்பு வரவில்லை. என் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணுகிறவளைப் போல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

"ஆமாங்க. நான்தான். அவங்க எவ்வளவோ சொன்னாங்க, துலக்காதேன்னு. நான்தான் கேக்கலை."